அயல்நாட்டு ஆராய்ச்சிக்கு இடந்தெரிதல்

1. தோற்றுவாய்

தமிழில் முதுகலைத் தேர்வு முடித்த மாணவருள் சிலர் ஆண்டுதோறும் எம்மை அணுகி, டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு அயல்நாடு செல்லும் விருப்பத்தைத் தெரிவித்து, 'எந்த நாட்டிற்கு விண்ணப்பிக்கலாம்?' என வினவுகின்றனர். வினா சிறிது, அதன் விளைவு பெரிது. அயல்நாட்டு ஆராய்ச்சியில் கழியும் காலம் மூன்று முதல் ஏழு ஆண்டுகள். அவை ஒருவரது கல்வி வாழ்வின் வளமிக்க ஆண்டுகள். இடம் பொருந்தாதாயின் இழந்த காலம் மீண்டும் வாராது. பட்டம் பெற்றாலும் ஆராய்ச்சி வளராது. ஆதலின் இவ்வினாவை எம்முறையில் அணுகுதல் தகும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு ஓர் ஒழுங்கினைத் தேடியபொழுது நன்னூலின் பொதுப்பாயிரமே எம் நினைவிற்கு வந்தது. பவணந்தியார் அதனை ஐந்து கூறுகளாக வகுத்தார்: நூல், அதனை நுவலும் ஆசிரியன், நுவலும் திறன், அதனைக் கொள்ளும் மாணவன், அவன் கொள்ளும் முறை என்பன அவை. இவ்வைந்தனுள் இடம் என்பது தனிக்கூறாக எண்ணப்பெறவில்லை. ஆசிரியன் காலமும் இடமும் நோக்கிக் கற்பித்தல் வேண்டும் என்று கூறும் பகுதியில், நுவலும் திறனின் ஓர் உறுப்பாகவே அது இடம்பெறுகின்றது. இக்காலப் பல்கலைக்கழகங்களை நோக்கி அவர் எழுதினாரல்லர். எனினும் அவர் வைத்த முறையில் ஓர் உண்மை உளது: பொருளும் ஆசிரியரும் முதற்கண் தெளிவுபெறின் இடம் தானே புலப்படும். நாட்டை முதலில் வைத்து எண்ணுவோர் இம்முறையைத் தலைகீழாக்குகின்றனர். இனி அவ்வைந்தனையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

2. நூல்: ஆராய்ச்சிப் பொருளும் சான்றுகளும்

ஈண்டு 'நூல்' என்றது மாணவர் ஆராயப் புகும் பொருளை. 'சங்க இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்ய விரும்புகின்றேன்' என்பது பொருளாகாது; அது பரப்பாகும். அப்பரப்பினுள் எழும் வினாக்கள் பல. குறுந்தொகையின் ஏடுகளிடையே காணப்படும் பாட வேறுபாடுகள் எவ்வாறு தோன்றின என்பது ஒரு வினா. புறப்பாடல்களின் தொடரமைப்பு வாய்மொழிப் பாடல் மரபினைக் காட்டுகின்றதா என்பது மற்றொன்று. அப்பாடல்களின் வினைவடிவங்கள் பிற திராவிட மொழிகளின் வினைவடிவங்களோடு எவ்வாறு இயைகின்றன என்பது பிறிதொன்று. முதல் வினா சுவடியியலையும், இரண்டாவது ஒப்பிலக்கியத்தையும், மூன்றாவது ஒப்பு மொழிநூலையும் வேண்டி நிற்கும். இலக்கியம் ஒன்றாயினும் மூவரும் செல்லவேண்டிய இடம் ஒன்றன்று.

வினாவோடு சான்றும் எண்ணத்தக்கது. தமிழ் அச்சு வரலாற்றின் முதற்காலத்தை ஆராய்வோர் ஐரோப்பிய நூலகங்களை நாடாது இருத்தல் இயலாது. அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி 1679 ஆம் ஆண்டில் அச்சாயிற்று. அதன் படி ஒன்று உரோமாபுரியில் வத்திக்கன் நூலகத்தில் இருந்தது. தனிநாயக அடிகளார் அதனைக் கண்டு, 1966 ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து நிழற்படிவமாக வெளிவரச் செய்தார். தரங்கம்பாடிச் சமயப் பணியாளரின் கடிதங்களும் அவர் திரட்டிய ஏடுகளும் செருமனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. எதுவார் அரியேல் என்னும் பிரெஞ்சு அறிஞர் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் பாரிசுத் தேசிய நூலகத்தில் உள்ளன. இலண்டனில் பிரித்தானியக் காட்சிச்சாலை நூலகத்திலிருந்த தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் போப்பும் தொகுத்த பட்டியல் 1909 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எனினும் சான்றைத் தேடிப் புறப்படுமுன் அது நம் அண்மையில் உளதா என நோக்குதல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டிலும் அச்சான தமிழ் நூல், இதழ் முதலியவற்றை ஆராய்வோர்க்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பெருந்துணையாகும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளில் திரட்டிய தொகுதி, சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994 ஆம் ஆண்டில் இந்நூலகமாக உருப்பெற்றது. இப்பொருளில் ஆராய விழையும் தமிழக மாணவர் சான்று வேண்டி அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. செல்வாராயின் முறை வேண்டியே செல்லுதல் பொருந்தும்.

3. நுவல்வோன்: துறையின் பெயரும் ஆசிரியரின் புலமையும்

தமிழ் ஆராய்ச்சிக்குத் தமிழ்த்துறை உள்ள பல்கலைக்கழகமே வேண்டும் என்பது பலர் கருத்து. வரலாறு இக்கருத்தினை முற்றும் உடன்படவில்லை.

ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாக ஆராயப் புகுந்தபொழுது, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தார். ஆண்டு அவருக்கு வழிகாட்டியவர் கிரேக்கப் பேராசிரியராகிய ஜார்ஜ் தாம்சன். தமிழ்ப் பாடல்களைக் கிரேக்க, ஐரிசு, வேல்சுப் பாடல் மரபுகளோடு ஒப்பிடுதலே கைலாசபதியின் வினா. அவ்வினாவிற்குரிய கருவி தாம்சனிடம் இருந்தது. அவ்வாராய்ச்சி 1968 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு கிளாரண்டன் அச்சகத்தின் வழி நூலாயிற்று. அவர்க்குப்பின் கா. சிவத்தம்பியும் அவ்வாசிரியரையே நாடினார். கிரேக்க நாடகம் சமுதாய வாழ்விலிருந்து எவ்வாறு தோன்றியது என்பதனை 1941 ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதியவர் தாம்சன். பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தில் நாடகம் என்னும் பொருளை எடுத்துக்கொண்ட சிவத்தம்பி அவரைத் தேர்ந்தமை இயல்பே. 1970 ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற அவ்வாராய்ச்சி 1981 ஆம் ஆண்டில் சென்னையில் நூலாக வெளிவந்தது.

ஆக்ஸ்போர்டிலும் நிலை இதுவே. அங்கே தாமஸ் பரோ வகித்தது வடமொழிப் பேராசிரியர் பதவி. ஆயினும் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்து எமனோவுடன் கூடித் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை 1961 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அவர். தமிழ்க் கல்வெட்டுக்களின் மொழியை ஆராய்ந்த ஈழத்து அறிஞர் ஆ. வேலுப்பிள்ளை ஆக்ஸ்போர்டை நாடியமைக்குக் காரணம் அப்பதவியின் பெயரன்று. பரோவின் புலமையே என்க.

ஆசிரியர் ஒருவரின் புலமை நன்மை தருதல் போலவே வரம்பும் இடும் என்பதனை மறத்தலாகாது. சங்கப் பாடல்களை வாய்மொழிப் பாடல்களாகக் கைலாசபதி கொண்டார். ஹார்வர்டில் பயின்ற ஜார்ஜ் ஹார்ட்டு 1975 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அவை பாணர் மரபினைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவர் இயற்றியவை என வேறுபட்டு உரைத்தார். பாடல்கள் அவையே, பயின்ற கல்வி மரபு வேறு, கண்ட முடிபும் வேறு. ஆசிரியரைத் தேரும் மாணவர், அவர் எந்நோக்கில் பொருளைக் காண்பவர் என்பதனையும் உடன் தேர்கின்றார். ஆதலின் ஆசிரியரின் நூல் இரண்டேனும் கட்டுரை நான்கேனும் படியாது விண்ணப்பித்தல் தவறாகும்.

இனி, மாணவர் பெரிதும் கருதாத செய்தி ஒன்றுண்டு. அயல்நாட்டுத் தமிழ்க் கல்வி பெரும்பாலும் நிறுவனத்தைவிடத் தனிமனிதரையே பற்றி நிற்கின்றது. ஒருவர் ஓய்வு பெற்றால் ஒரு மரபே அற்றுப்போதல் கூடும். இலண்டன் கீழ்த்திசைக் கல்விக்கழகத்தில் ஜான் மார் தமிழ் கற்பித்தார். எட்டுத்தொகை பற்றிய அவரது ஆராய்ச்சி 1958 ஆம் ஆண்டிற்குரியது. தமிழகத் தலபுராணங்களை ஆராய்ந்த டேவிட் சுல்மான் அவரிடம் பயின்று 1976 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அத்தகைய கழகத்திலும் பின்னர்த் தமிழ்க் கல்வி தொடராது போயிற்று. அதனை மீண்டும் நிறுவப் பொதுமக்கள் நிதி திரட்ட முற்படும் நிலை நேர்ந்தது. செருமனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் பெரியதொரு தமிழ் நூல் தொகுதி உண்டு. ஆண்டும் 2020 ஆம் ஆண்டளவில் நிதிக் குறைவால் தமிழ்க் கல்வி நிற்கும் இடர் தோன்றியது.

புதிய இருக்கைகள் பற்றியும் இவ்வெச்சரிக்கை வேண்டும். ஹார்வர்டுத் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 60 இலட்சம் டாலர் 2018 ஆம் ஆண்டிலும், டொராண்டோ இருக்கைக்கு வேண்டிய 30 இலட்சம் டாலர் 2021 ஆம் ஆண்டிலும் நிறைவுற்றன. தமிழர் பலரின் கொடையால் அமைந்த இவை பெருமைக்குரியனவே. ஆயினும் நிதி நிறைவுறுதல் வேறு. ஆசிரியர் அமர்தல் வேறு. அமர்ந்தவரின் புலமை நம் வினாவிற்குப் பொருந்துதல் பிறிதொன்று. மூன்றனையும் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

யாம் அறிந்த மாணவர் ஒருவர் பெயர்பெற்ற பல்கலைக்கழகமொன்றில் இடம் பெற்றார். இரண்டாம் ஆண்டின் முடிவில் அவர்தம் ஆசிரியர் ஓய்வு பெற்றார். அப்பொருளில் வழிகாட்டுதற்குரியார் பிறர் அங்கிலர். மாணவர் பொருளை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஈராண்டு உழைப்புப் பயனின்றிக் கழிந்தது. விண்ணப்பிக்குமுன் 'ஐயா இன்னும் எத்தனை ஆண்டுகள் பணியில் இருப்பீர்கள்?' எனப் பணிவோடு கேட்டு ஒரு கடிதம் எழுதியிருப்பின் இவ்விடர் நேர்ந்திராது. அங்ஙனம் கேட்டல் மரியாதைக் குறைவாகுமென அவர் அஞ்சினார். அயல்நாட்டுப் பேராசிரியர் அதனைக் குறையாகக் கொள்வதில்லை. மாணவரின் பொறுப்புணர்ச்சியாகவே கொள்வர்.

4. நுவலுந்திறன்: நாட்டுக்கு நாடு வேறுபடும் முறை

நாடு என்னும் கருத்து உரிய இடத்தில் வருவது இங்கேயாகும். ஒவ்வொரு நாட்டிலும் ஆராய்ச்சி மாணவரைப் பயிற்றும் முறை வேறு.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாணவர் முதல் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வகுப்பில் அமர்ந்து பாடங்கள் பயிலுதல் வேண்டும். பின்னர்த் தகுதித் தேர்வு. அதன் பின்னரே ஆராய்ச்சி. தென்னாசியத் துறைகள் பலவற்றில் தமிழோடு வடமொழி போன்ற மற்றொரு மொழியும், செருமானியம் அல்லது பிரெஞ்சில் படித்தறியும் ஆற்றலும் வேண்டப்படும். எல்லாம் முடிய ஐந்து முதல் ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். மாணவரைத் தேர்பவர் தனியாசிரியர் அல்லர். துறையின் குழுவே தேரும். வினா முற்றும் உருப்பெறாத மாணவர்க்கும் மொழிநூல் போன்ற புதிய துறையை அடியிலிருந்து கற்க விழைவோர்க்கும் இம்முறை ஏற்றது.

இங்கிலாந்தில் பொதுவாக வகுப்புப் பாடம் குறைவு. மாணவர் முதல்நாள் தொட்டே ஆராய்ச்சியில் இறங்குவர். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் ஆய்வுரையை முடித்து வாய்மொழித் தேர்வினை எதிர்கொள்வர். ஆதலின் விண்ணப்பத்தோடு அனுப்பும் ஆராய்ச்சித் திட்டமே அங்கு உயிர்நிலை. வினாவும் முறையும் முன்னரே தெளிந்தவர்க்கு இது பொருந்தும்.

செருமனியில் வழிகாட்டும் பேராசிரியர் ஒருவரின் இசைவினைப் பெறுதலே பெரும்பாலும் முதற்படியாகும். அரசுப் பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்ட மாணவர் பொதுவாகக் கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை. பருவந்தோறும் சிறு தொகை செலுத்துவர். ஆயினும் உணவுக்கும் உறைவிடத்திற்கும் உரிய பொருள் வேறாகத் தேடப்பெறல் வேண்டும். ஆராய்ச்சித் திட்டமொன்றில் பணியமர்ந்து ஊதியம் பெறும் வழியும் உண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியோடு 2014 ஆம் ஆண்டில் தொடங்கிய 'நெட்தமிழ்' என்னும் திட்டம் தமிழ்ச் சுவடிகளையும் உரை மரபினையும் ஆராய்தற்கு ஹாம்பர்க்கையும் புதுச்சேரியையும் இணைத்தது. இத்தகைய திட்டங்கள் குறித்த காலத்திற்கே உரியன. அவற்றை நம்பிச் செல்வோர் முடியும் ஆண்டினை முதலில் கேட்டறிக.

ஒரே பல்கலைக்கழகத்திலும் நுவலுந்திறன் காலத்தால் மாறும். வ. அய். சுப்பிரமணியம் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் 1957 ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் பெற்ற பயிற்சி விளக்கமுறை மொழிநூல். ஆறு ஆண்டு கழித்து, 1963 ஆம் ஆண்டில், அங்கேயே பட்டம் பெற்றவர் அ. கி. இராமானுசன். அவர்தம் ஆய்வோ கன்னட மொழியின் ஆக்கமுறை இலக்கணம் பற்றியது. இடைப்பட்ட ஆண்டுகளில் சாம்சுகியின் கொள்கை மொழிநூல் உலகை மாற்றிவிட்டது. முன்னையோர் பெற்ற பயிற்சியே இன்றும் அங்குக் கிடைக்கும் என எண்ணி, அவர் சென்ற இடத்தை நாடுதல் பொருந்தாது.

5. கொள்வோன்: மாணவர் கொண்டு செல்லவேண்டியவை

அயல்நாடு தருவது முறை, தமிழைத் தருவதன்று. புதுச்சேரியில் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியில் பண்டிதர் தி. வே. கோபாலையர் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் பலர் கடல்கடந்து வந்து, அவரிடம் இலக்கண உரைகளையும் பக்தி நூல்களையும் வரிவரியாகப் பாடங்கேட்டனர். பிரெஞ்சுப் பேராசிரியர் பிரான்சுவா குரோவும் அவரும் கூடிப் பதிப்பித்த தேவாரம் 1984 ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. அயலார் ஈண்டு வந்து தேடும் அப்புலமை நம் மாணவர்க்கு வீட்டருகே கிடைப்பது. அதனைப் பெறாது புறப்படுவோர், அங்குச் சென்றபின் அதனை யாரிடமும் பெறார்.

ஆகவே புறப்படுமுன் தொல்காப்பியத்தின் ஓர் அதிகாரத்தையேனும் உரைகளோடு ஓதியிருத்தல், ஏட்டெழுத்தினைத் தடையின்றிப் படித்தல், கல்வெட்டுப் படிகளை வாசித்தல் ஆகியவற்றுள் தம் பொருளுக்கு வேண்டியவற்றை மாணவர் பெற்றிருத்தல் வேண்டும். இரண்டாவதாக, ஆங்கிலத்தில் வாதத்தை எழுதும் ஆற்றல் வேண்டும். தமிழ்வழிப் பயின்ற மாணவர் இதுகுறித்து நாணவேண்டுவதில்லை. ஆனால் காலந்தாழ்த்தல் கூடாது. தேர்வுக்குரிய ஆங்கிலம் சில திங்களில் வரும். ஆராய்ச்சிக்குரிய ஆங்கிலம் ஓரிரண்டு ஆண்டுப் பயிற்சியால் வரும். தம் முதுகலைக் கட்டுரை ஒன்றினை ஆங்கிலத்தில் இருபது பக்க அளவில் எழுதிப் பார்த்தல் சிறந்த பயிற்சி. விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்கும் இடங்களில் அதுவே பயன்படும்.

6. கோடற்கூறு: விண்ணப்பமும் பொருளும்

அமெரிக்கத் துறைகள் பெரும்பாலும் டிசம்பர், சனவரித் திங்களில் விண்ணப்பத்தை முடித்து, அடுத்த இலையுதிர் பருவத்தில் மாணவரைச் சேர்க்கும். ஆதலின் சேர விரும்பும் காலத்திற்கு ஒன்றரை ஆண்டு முன்னரே முயற்சி தொடங்குதல் வேண்டும். ஆசிரியர்க்கு எழுதும் முதற்கடிதம் ஒரு பக்கத்தின் மிகலாகாது. தம் வினா யாது, அதற்குரிய சான்று யாது, அவ்வாசிரியரின் எந்நூல் தம்மை அவர்பால் செலுத்தியது என்னும் மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். புகழுரை வேண்டா.

பொருள் பற்றிய வினாவை இறுதியில் வைத்தோமாயினும் அது சிறிதன்று. எளிய குடும்பத்து மாணவர்க்கு அதுவே வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் ஆகும். அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோர்க்குக் கட்டண விலக்கும் வாழ்க்கைப்படியும் சேர்ந்தே கிடைத்தல் வழக்கம். அவையின்றி இடம் மட்டும் தரப்படின் ஏற்காமை நன்று. இங்கிலாந்தில் அயல்நாட்டு மாணவர்க்குரிய கட்டணம் மிகுதி. உதவித்தொகை இன்றிச் செல்லுதல் கடன்படுதலாய் முடியும்.

நம் அரசின் உதவித்தொகைகளில் ஒரு செய்தி தமிழ் மாணவர்க்கு இன்றியமையாதது. பட்டியல் இனத்தார் முதலியோர்க்கு ஒன்றிய அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2022 ஆம் ஆண்டில் வெளியான விதிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களை விலக்கின. தமிழ் இலக்கியத்தையோ தமிழக வரலாற்றையோ ஆராய எண்ணி, இவ்வுதவியை நம்பியிருந்த மாணவர் நிலை யாதாகும் என்பதனை எண்ணிப் பார்க்க. இப்பொருள்களை இந்நாட்டிலேயே ஆராயலாம் என்பது அரசின் வாதம். சான்று இங்கு மிகுதி என்னும் அளவில் அது உண்மை. ஆனால் முறை எங்கும் உளதாகும். கைலாசபதி கிரேக்கப் பேராசிரியரிடம் பெற்றது சான்றன்று, முறையே. இவ்விலக்கு நம் மாணவருள் வறியோரையே தடுப்பது; ஆதலின் அது நீக்கத்தக்கது என்பதே எம் கருத்து. விண்ணப்பிப்போர் அவ்வாண்டின் விதிகளைத் தாமே படித்தறிதல் வேண்டும். பிறர் கூற்றினை நம்பலாகாது.

இடைவழி ஒன்றும் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற ஆராய்ச்சி மாணவர் சில திங்கள் அமெரிக்கா சென்று பயில ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை வழி செய்கின்றது. செருமானியக் கல்விப் பரிமாற்ற நிறுவனமும் இத்தகைய குறுங்கால ஆராய்ச்சிக்கு உதவுகின்றது. வேண்டுவது ஒரு நூலகத்துச் சுவடியோ ஓர் ஆசிரியரின் ஓராண்டுத் துணையோ ஆயின், ஏழாண்டு வெளிநாட்டு வாழ்க்கையினும் இதுவே தக்கது.

7. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். வினாவை ஒரு வாக்கியத்தில் எழுதுக. அதற்குரிய சான்று எங்குள்ளது என நோக்குக. அதற்குரிய முறையில் வல்லவர் எவர் என அவர்தம் நூல்வழி அறிக. அவர் எத்துறையைச் சார்ந்தவராயினும் ஆகுக. அவர் எத்தனை ஆண்டு அங்கிருப்பார் எனக் கேட்க. அந்நாட்டின் பயிற்சிமுறை தம் நிலைக்கு ஏற்றதா என எண்ணுக. பொருள்வழியினை உறுதி செய்க. இவ்வாறு வடித்தபின் எஞ்சும் இடங்கள் நான்கைந்திற்கு மேல் இரா. அவற்றிற்கு விண்ணப்பித்தல் போதும். ஒன்றும் எஞ்சவில்லையாயின், அவ்வினாவிற்குரிய இடம் நம் நாடே எனத் தெளிதலும் ஒரு பயனேயாகும்.

அயல்நாட்டில் பயின்று மீண்டோர் செய்த பணிகளை நோக்குவோம். கைலாசபதி 1974 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழிநூல் துறையை வளர்த்து, 1981 ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். இவர்கள் கொண்டு வந்தவை பட்டங்கள் மட்டுமல்ல; பிறர்க்குக் கற்பிக்கத்தக்க முறைகளை. 'எந்த நாட்டிற்கு எழுதலாம்?' என வினவும் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே: மீண்டு வரும்பொழுது எதனைக் கொண்டுவர எண்ணுகின்றீர் என்பதனை முதலில் எழுதிக் காட்டுக, செல்லுமிடத்தை இருவரும் அமர்ந்து தேர்வோம்.